முதல் கோப்பை

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் சாப்பாட்டு மேசையில் மூத்தவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். “முதல் கோப்பை எனக்கு வேணும். இல்லேன்னா பியர்க் கொப்பரையை நீங்களே கிண்டிக்கோங்க” என்று அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தம்பிதான் அவள் தட்டில் மீதியிருந்ததையும் இழுத்து வைத்துச் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பேசாமலேயே நாட்கள் நகர்ந்து, கூடத்தின் ஆண்டு விழாவும் வந்து நின்றது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ‘கூடம்’ என்று சொன்னால் அந்த ஊரில் ஒரே ஒரு இடம்தான். பட்டாளத்துக்காரர்களின் தாகத்தை நம்பி ஒரு துரை கட்டிய மதுக்கூடம். கப்பலில் வந்த பியர் பாதி வழியிலேயே புளித்துப்போனதால், கூடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு அவனே காய்ச்ச ஆரம்பித்தான். அவனே என்றால், அவன் சுருட்டுப் பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தான். காய்ச்சிய கைகள் இந்தக் குடும்பத்தின் கைகள். துரைமார் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது கூடமும் கொட்டகையும் அந்தக் கைகளுக்கே வந்து சேர்ந்தன.

துரை போனாலும் அவன் காலத்து வழக்கம் ஒன்று போகவில்லை. புதுப் பீப்பாய் திறக்கும்போதெல்லாம் குடும்பத்தில் ஒருவர் கூடத்தின் நடுவில் இருக்கும் மரமேடையில் ஏறி, எல்லோரும் பார்க்க முதல் கோப்பையைக் குடிப்பார். நுரை அடங்கட்டும் என்று கூடம் மரியாதையாகக் காத்திருக்கும். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். முதல் கோப்பை யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அந்த வீட்டின் தலை என்பது ஊர் அறிந்த கணக்கு.

இத்தனை காலம் அது அப்பாவின் கையில் இருந்தது. இப்போது அந்தக் கை நடுங்குகிறது. இன்று அவர் அதை மாற்றிக் கொடுக்கப்போகிறார்.

காலையில் மூத்தவள் கொட்டகைக்கு வந்தபோது ஜன்னல் வழியே வெளிச்சம் சாய்வாக இறங்கி, கொப்பரையின் செப்பு வயிற்றில் விழுந்திருந்தது. சின்ன வயதில் அவளுக்கு அந்தக் கொப்பரை தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய மிருகம். தொட்டால் சூடாக மூச்சு விடும். பெரியப்பா அவளைத் தூக்கிப் பிடித்து உள்ளே காட்டுவார். ‘பாரு, கொதிக்குது. ஆனா கோபம் இல்லை’ என்பார். பெரியப்பா போன பிறகு கரண்டி அவள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கூடத்தில் ஊற்றப்பட்ட ஒவ்வொரு சொட்டும் அவள் காய்ச்சியது.

“அக்கா, கோட்டு எப்படி இருக்கு?”

தம்பி வாசலில் நின்றான். ஊர் அவனை ‘மைனர்’ என்று கூப்பிடும். அவனுக்கும் அந்தப் பெயர் பிடிக்கும். பளபளக்கும் பித்தளைப் பொத்தான்கள் வைத்த கோட்டு. தலையில் ஒரு முடிகூட அதன் இஷ்டத்துக்கு நிற்கவில்லை.

“பேண்டு வாசிக்கிறவன் மாதிரி இருக்கு.”

“அதுதான் வேணும். எல்லாரும் நம்மளையே பாக்கணும்.”

“பாப்பாங்க. எப்ப வாசிக்கப்போறேன்னு கேப்பாங்க.”

அவன் சிரித்தான். ஆனால் உள்ளே வரவில்லை. பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே, “அப்பா நேத்து கூப்பிட்டுச் சொன்னார்” என்றான்.

“என்னன்னு?”

“எனக்குத்தான்னு.”

அவள் குனிந்து அடுப்பின் கதவைச் சாத்தினாள். சாத்தியிருந்த கதவை மறுபடியும் சாத்தினாள்.

“கசப்புக்கு ஹாப்ஸ் பூ எப்பப் போடணும் தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“முளைகட்டின மால்ட்டுக்கும் மண்ணுக்குமாவது வித்தியாசம் தெரியுமா?”

“தெரியுமே. மண்ணுல புழு இருந்தா பரவாயில்ல. மால்ட்ல இருந்தா நீ என்னை அடிப்பே.”

வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். மைனர் தொட்டது எதுவும் துலங்கியதில்லை. படிப்பைப் பாதியில் விட்டான். லாரி ஓட்டுகிறேன் என்று கிளம்பி, லாரியைப் பள்ளத்தில் விட்டான். கூடத்தில் வாடிக்கையாளர்களை ‘வாங்க வாங்க’ என்று கூப்பிட்டு உட்காரவைப்பது மட்டும்தான் அவனுக்கு வரும். அதை அழகாகச் செய்வான். அழும் மனிதனைக்கூட அவன் பேச்சு ஒரு கோப்பை குடிக்க வைத்துவிடும்.

“நல்லது. இன்னையோட நான் வர்றதில்ல. பெரிய பியர் ஆலையில கூப்பிட்டிருக்காங்க. போயிடுவேன்.”

“சும்மா சொல்றே.”

“சும்மா சொல்ற மூஞ்சியா இது?”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, “விழா முடியட்டும். பேசிக்கலாம்க்கா” என்று முணுமுணுத்துவிட்டுப் போனான். பொத்தான்கள் மட்டும் வழியெல்லாம் மின்னிக்கொண்டே போயின.

அவன் போன சற்று நேரத்தில் சரித்திர டீச்சர் வந்தாள். கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவள். விழா முடிந்து வரப்போகும் மலரில் கூடத்தின் கதையை எழுத மைனர்தான் பிடித்துக்கொண்டு வந்தான். சில வாரங்களாகப் பென்சிலைக் கடித்துக்கொண்டு எல்லா மூலைகளையும் குடைந்துகொண்டிருந்தாள். இன்று அவள் கையில் கூடத்துச் சுவரில் தொங்கும் பெரிய படம் இருந்தது.

“உள்ளே இருட்டு. இங்கே கொஞ்சம் வெளிச்சத்துல வெச்சுப் பாக்கட்டுமா?”

“பாருங்க. கீழே போட்டுடாதீங்க. எங்க அப்பா உயிரை விட்டுடுவார்.”

மூத்தவளுக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. கண்ணை மூடினாலும் தெரியும். மேடைமேல் தலைப்பாகை கட்டிய ஒருவர், கையில் கோப்பை. அவர் கொள்ளுத்தாத்தாவின் தம்பி. சுற்றிலும் மேசைகளில் துரைமார். அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நம் ஆளைப் பார்க்கிறான் என்று காட்டிக் காட்டித்தான் அந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினார்கள்.

டீச்சர் படத்தை ஜன்னலோரம் சாய்த்து வைத்து மண்டியிட்டாள்.

“இவங்க யாரும் குடிக்கலையே?”

“முதல் கோப்பை முடியற வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க. மரியாதை.”

“ம். நுரை அடங்கறதுக்காகக் காத்திருக்காங்கன்னு உங்க தம்பி சொன்னார்.”

“ஆமா.”

“நுரை அவர் கோப்பையிலதானே இருக்கு? இவங்க அவர் முகத்தைப் பாக்கறாங்க.”

மூத்தவள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். டீச்சரின் பென்சில் முனை ஒரு துரையின் கையில் வந்து நின்றது. அந்தக் கையில், திறந்த நிலையில், ஒரு பாக்கெட் கடிகாரம்.

“நுரை அடங்கறதுக்குக் கடிகாரம் எதுக்குங்க?”

மூத்தவள் குனிந்து அந்தக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“பட்டாளத்துக் கல்லறையில நாலஞ்சு சிப்பாய்ங்களுக்கு ஒரே தேதி போட்டிருக்கு. சண்டை எதுவும் நடக்காத வருஷம். எல்லாரும் இங்கே குடிச்சிட்டுப் போனவங்கன்னு ஊர்ல ஒரு பேச்சு இருந்திருக்கு. நான் கதைன்னு விட்டுட்டேன்.” டீச்சர் தயங்கினாள். “காய்ச்சறதுல அப்படி ஆகுமா? நீங்கதான் சொல்லணும்.”

ஆகும். அது மூத்தவளுக்கு யோசிக்காமலே தெரிந்தது. ஈயப்பூச்சு தேய்ந்துபோன செப்புப் பாத்திரத்தில் புளித்த பியரை நிற்க விட்டால் களிம்பு இறங்கும். அதைக் குடித்தால் குடல் வெந்துவிடும். ஈயம் பூசச் சொல்லிக் காய்ச்சுகிறவன் கேட்டிருப்பான். பிறகு பார்க்கலாம் என்று துரை சொல்லியிருப்பான். சிப்பாய்கள் விழுந்ததும் துரையின் கண் பாத்திரத்தின்மேல் போயிருக்காது. காய்ச்சிய கைமேல்தான் போயிருக்கும்.

இனி நீ குடி. நீ விழாமல் நின்றால் நாங்கள் குடிக்கிறோம்.

“இவர் எப்படி இறந்தார்?” என்று டீச்சர் மெதுவாகக் கேட்டாள்.

“மாரடைப்பு. கூடத்துலயே, நின்ன இடத்துலயே.” சின்ன வயதில் மனப்பாடம் செய்ததை வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. “அவர் மேல இருந்த மரியாதையில, அன்னைக்குத் திறந்த பீப்பாயை யாரும் தொடலை. துரையே நின்னு பூராத்தையும் கால்வாயில கொட்டச் சொன்னான். துக்கத்துக்காக…”

அந்தச் சொல் பாதியில் நின்றது. டீச்சர் அவளைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். எத்தனை தலைமுறை. ஒரு மனிதன் செத்ததற்கு ஒரு பீப்பாயைக் கொட்டிய துரையின் பெருந்தன்மையைப் பற்றி எத்தனை தலைமுறை நெஞ்சை நிமிர்த்திப் பேசியிருக்கிறது.

“மலர்ல நான் என்ன எழுதட்டும்?” என்றாள் டீச்சர்.

“இப்போதைக்கு எதுவும் எழுதாதீங்க.”

அப்பா தன் அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். விரல்கள் பொத்தானைக் கண்டுபிடிப்பதும் தவறவிடுவதுமாக இருந்தன. அவள் எதிரில் முட்டிபோட்டு அதைப் போட்டுவிட்டாள். கோபமாக வந்தவள், கோபத்தோடேயே போட்டுவிட்டாள்.

“விஷமா இருக்கான்னு பாக்கத்தான் நம்மாளைக் குடிக்கச் சொன்னானுங்களா?”

அப்பா அவள் தலைக்கு மேலே எங்கோ பார்த்தார். “யார் சொன்னா?”

“உங்க படம்தான். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“கோப்பை கை மாறுறப்போ காதுல சொல்லுவாங்க. எனக்கு என் சித்தப்பா சொன்னார். ஆசீர்வாதம் பண்றாங்கன்னு ஊர் நினைச்சுக்கும்.”

“தெரிஞ்சுமா இத்தனை வருஷம் ஏறி நின்னீங்க?”

“வேற என்ன பண்ணச் சொல்றே? எங்க தாத்தனை எலி மாதிரி வெச்சு சோதிச்சாங்கன்னு வாசல்ல போர்டு மாட்டவா?” அவர் குரல் உயரவில்லை. “துரை போன பிறகு நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தினேன்னு கேட்டா பதில் சொல்லணும். அதனால பெருமைன்னு சொல்லிக்கிட்டோம். சொல்லச் சொல்ல அது பெருமையாவே ஆயிடுச்சு.”

அவள் கடைசிப் பொத்தானைப் போட்டாள்.

“அப்படியே இருக்கட்டும். அதை ஏன் எனக்குத் தரல? காய்ச்சறது நான்தானே?”

“காய்ச்சறதுனாலதான்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“முதல்ல துரை காய்ச்சறவனைத்தான் மேடையில ஏத்தியிருக்கான். அப்புறம் யோசிச்சிருக்கான். இவன் செத்துட்டா நாளைக்கு யார் காய்ச்சறது? வேற யாரையாவது நிறுத்துன்னு சொன்னான். உன் கொள்ளுத்தாத்தா தன் தம்பியை நிறுத்தினார்.” அப்பா சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். “அதுலேர்ந்து அதுதான் கணக்கு. யாரு இல்லாட்டியும் வேலை நிக்காதோ, அவன் கையில கோப்பை. உன் பெரியப்பா காய்ச்சினார். நான் குடிச்சேன்.”

வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அப்பா மேடையில் நிற்கும்போது எப்படி நிற்பார் என்று அவளுக்கு நினைவு வந்தது. மார்பை முன்னே தள்ளி, தாடையைத் தூக்கி, ராஜா மாதிரி. அந்த ராஜாவைப் பார்த்துப் பெரியப்பா ஒரு நாளும் கைதட்டியதில்லை. பொறாமை என்று அவள் நினைத்திருந்தாள். பெரியப்பா கொட்டகை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருப்பார்.

“அப்போ தம்பி…”

“உன்னை இழக்க முடியாது. அவனை…” அப்பா அதை முடிக்கவில்லை. “இப்போ விஷமும் இல்ல, துரையும் இல்ல. ஆனா அவன்கிட்ட இந்த ஒண்ணுதான் இருக்கு. ஊர் முன்னால ஏறி நின்னு ஒரு தடவை பெரிய மனுஷன் ஆகட்டுமே. அதையும் நீ பிடுங்கணுமா?”

“அவனுக்குச் சொல்லப்போறீங்களா?”

“சொல்ல மாட்டேன். காதுல நல்லா இருடான்னு சொல்லிட்டு விட்டுடுவேன். என்னோட போகட்டும். நீயும் சொல்லாதே.”

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்குள் ஒரு அசிங்கமான சந்தோஷம் இருந்தது. அவள் இல்லாமல் இந்த வீடு ஓடாது. அப்பாவே வாயால் சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கேட்கத் தவித்த வார்த்தை இப்படி ஒரு இடத்திலிருந்தா வர வேண்டும்? தம்பியின் தலைக்கு மேல் கால் வைத்து ஏறி வந்து விழுந்திருக்கிறது.

கூடம் நிறைந்துவிட்டது. கடைக்காரர்கள், பஸ் டிரைவர்கள், பாங்கு மேனேஜர், அவர் மனைவி, எல்லோரும் துவைத்த சட்டையில் வந்திருந்தார்கள். கொட்டகையிலிருந்து கூடத்துக்குப் போகும் கதவருகில் மைனர் தனியாக நின்று, பீப்பாயின் தலையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அதைத் தட்டினால் என்ன தெரியும் என்பது அவனுக்கே வெளிச்சம்.

அவளைப் பார்த்ததும், “என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றான்.

இதுதான் நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. கதவைச் சாத்தி, தோளைப் பிடித்து, ‘ஏறாதேடா’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அவன் கேட்பான். சின்ன வயதிலிருந்தே, அவள் சொல்வதைக் கேட்பதுபோல அவன் வேறு யார் சொல்வதையும் கேட்டதில்லை.

“ஒண்ணுமில்ல” என்றாள்.

“கோவமா?”

“இல்லடா. போ. கூப்பிடறாங்க.”

அவன் முகம் விளக்கு போட்டதுபோல ஆனது. “அப்போ நீ போக மாட்டேல்ல?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் கூடத்துக்குள் ஓடினான்.

கைதட்டல் எழுந்தது. மைனர் மேடையில் ஏறி நாலா பக்கமும் கும்பிடு போட்டான். “இவனுக்குக் கல்யாணத்துலகூட இவ்வளவு சிரிப்பு வராது” என்று யாரோ சொல்ல, கூடம் குலுங்கியது. அப்பா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். நுரை விளிம்பில் ஆடிக்கொண்டே வந்தது. மைனர் குனிந்தான். கோப்பை கை மாறியது. அப்பா அவன் காதருகே வாயைக் கொண்டுபோனார்.

நல்லா இருடா. அதைச் சொல்ல ஒரு நொடி போதும்.

அப்பாவின் உதடுகள் நிற்கவில்லை. அசைந்துகொண்டே இருந்தன. மூத்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் கண்கள் மூடியிருந்தன. தன் சித்தப்பா சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பவர்போலச் சொல்லிக்கொண்டே போனார். மேடைக்கு முன்னால் நின்று வேறு எதுவும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லையோ என்னவோ.

“ஆசீர்வாதம் ரொம்பப் பெரிசா இருக்கு” என்றார் பாங்கு மேனேஜர். கூடம் அதற்கும் சிரித்தது.

மைனர் நிமிர்ந்தான். அவன் உதட்டில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் இடம் தெரியாமல் அலைந்து, சுவரில் படம் தொங்கும் இடத்துக்குப் போயின. அங்கே படம் இல்லை. வெளிறிய சதுரம்தான் இருந்தது. பிறகு கதவருகே நின்ற அக்காவிடம் வந்து நின்றன.

“கொஞ்சம் இருங்க” என்றான் சத்தமாக, வாடிக்கையாளர்களை வரவேற்கும் அதே குரலில். “இதைக் காய்ச்சினது எங்க அக்கா. முதல் வாய் அவளுக்குத்தான் சேரணும். அக்கா, வா.”

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பிறகு முதலில் அடித்ததைவிடப் பலமாகக் கைதட்டல். பாங்கு மேனேஜரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன பிள்ளை, என்ன மனசு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வழி விட்டார்கள். போகாமல் இருக்க வழியில்லை. அவள் போனாள். ஏறினாள்.

அவன் கோப்பையை நீட்டினான். அவள் பிடித்த பிறகும் அவன் பிடியை விடவில்லை. முகத்தை ஊருக்குக் காட்டிச் சிரித்துக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்.

“உனக்குத் தெரியுமா?”

அவள் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள்.

“அங்கே கதவுகிட்ட நின்னு பேசினோமே, அப்பவே தெரியுமா?”

அவள் பார்வையைத் தாழ்த்தினாள். பித்தளைப் பொத்தானில் அவள் முகம் கோணலாகத் தெரிந்தது.

“தெரிஞ்சும் என்னை ஏறவிட்டியேக்கா.”

அவ்வளவுதான். கையை விட்டான். மேடையிலிருந்து இறங்கி, நாலு பேர் தோளைத் தட்டி, “வர்றேன், வர்றேன், குடிங்க” என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே கூட்டத்துக்குள் நுழைந்து, முன்வாசல் பக்கம் போனான். பெரிய மனசுக்காரன் என்று எல்லோரும் அவன் முதுகைத் தடவி அனுப்பினார்கள்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடினால் வாசலிலேயே பிடித்துவிடலாம். வைத்துவிட்டு ஓடினால் இத்தனை பேருக்கும் ஏன் என்று சொல்ல வேண்டும். கீழே, நாற்காலியில், அப்பா நடுங்கும் கையை மறு கையால் அமுக்கிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்பதுபோல அவர் தலை லேசாக அசைந்தது. அதுவும் நடுக்கம்தானோ, தெரியவில்லை.

“சீக்கிரம்மா, தொண்டை காயுது” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பஸ் டிரைவர் குரல் கொடுத்தார்.

கூடம் சிரித்தது. அவள் கோப்பையைத் தூக்கி, மூச்சு விடாமல், அடிவரை குடித்தாள். இறக்கியபோது முன்வாசல் திறந்து கிடந்தது. தெருவில் வெயில் இருந்தது. அவன் இல்லை.